மோசடிப் பணம் போகும் வழி: வங்கிக் கவுண்டரிலிருந்து பார்த்தது

கும்பகோணத்தில் ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையில் அதிகாரியாக இருக்கிறேன். ஆன்லைன் மோசடியில் பணத்தை இழந்தவர்கள் முதலில் ஓடி வருவது எங்களிடம்தான். "உங்க பேங்க்ல இருந்துதானே மேடம் போச்சு, நீங்கதானே திருப்பித் தரணும்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் எங்கள் வங்கியை மட்டும் தொட்டுவிட்டுப் போகவில்லை.

எங்கோ ஒரு கடையில் வேறொருவரின் ஆதாரை வைத்து சிம் கொடுத்திருக்கிறார்கள். அந்த எண்ணில் ஒரு வாட்ஸ்அப் கணக்கு திறக்கப்பட்டிருக்கிறது. ஏதோ ஒரு சமூக வலைதளம் காசு வாங்கிக்கொண்டு பங்குச்சந்தை விளம்பரம் ஒன்றை ஓடவிட்டிருக்கிறது. வேறு மாநிலத்தில், வேறு வங்கியில், யாரோ வாடகைக்கு விட்ட கணக்கில் பணம் போய் விழுந்திருக்கிறது. அங்கிருந்து யுபிஐ வழியாகப் பல கணக்குகளுக்குச் சிதறி, கொஞ்சம் ஏடிஎம்மில் ரொக்கமாகவும் மிச்சம் கிரிப்டோவாகவும் மாறியிருக்கிறது. சிம் கொடுத்தவருக்குப் பணம் போனது தெரியாது. எனக்கு அந்த சிம்மைப் பற்றித் தெரியாது. பணம் வந்து விழுந்த வங்கிக்கு இங்கே ஒருவர் ஏமாந்தது தெரியாது. முழு வழியும் தெரிந்தவன் மோசடிக்காரன் ஒருவன்தான். இத்தனை வருஷம் அவன் ஜெயித்ததற்கு முக்கியக் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். மக்கள் முட்டாள்கள் என்பதால் அவன் ஜெயிக்கவில்லை. படித்தவர்கள், கணக்கு வழக்கில் கெட்டிக்காரர்கள் எல்லாரும் ஏமாந்து வந்து என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

முன்பெல்லாம் இதை எப்படிக் கையாண்டோம் என்று சொன்னால்தான் இப்போது நடப்பதன் அருமை புரியும். வாடிக்கையாளர் அழுதுகொண்டு வருவார். பணம் எந்த வங்கிக்குப் போனது என்று பார்த்து, அந்தக் கிளையின் எண்ணைத் தேடிப் போன் போடுவேன். பெரும்பாலும் மணி அடித்து நின்றுவிடும். எடுத்தாலும், "போலீஸ் லெட்டர் இல்லாம ஹோல்டு போட முடியாது மேடம், மெயில் அனுப்புங்க" என்பார்கள். அவர்கள் சொன்னது விதிப்படி சரிதான். வாடிக்கையாளர் ஸ்டேஷனுக்குப் போவார். மனு எழுதிக் கொடுத்து, அது சைபர் பிரிவுக்குப் போய், அங்கிருந்து கடிதம் கிளம்பி அந்த வங்கிக்குப் போய்ச் சேர்வதற்குள் நாள்கள் ஓடிவிடும். பணம் முதல் கணக்கில் தங்குவதோ சில நிமிடங்கள்.

மத்திய உள்துறையின் கீழ் இருக்கும் ஐ4சி என்கிற சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2021-ல் ஒரு பொது ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. முதலில் 155260 என்ற எண்ணில் ஆரம்பித்து, பிறகு 1930 ஆனது. அந்த எண்ணுக்கு அழைத்தால் தமிழ்நாட்டில் நம் மாநிலக் காவல்துறையினர்தான் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். நாம் சொல்லும் விவரத்தை அவர்கள் கணினியில் ஏற்றியதும் பணத்தை அனுப்பிய வங்கிக்குத் தகவல் போகும். அந்த வங்கி தன் கணக்கில் பார்த்து, பணம் எந்த வங்கிக்கு, எந்தக் கணக்குக்குப் போனது என்று பதிவு செய்யும். உடனே அடுத்த வங்கிக்குத் தகவல் போகும். அங்கே பணம் இருந்தால் நிறுத்திவைப்பார்கள். இல்லையென்றால் அது எங்கே போனது என்று பதிவு செய்து அடுத்த வங்கிக்குத் தள்ளுவார்கள். இந்த ஒவ்வொரு தாவலையும் நாங்கள் 'லேயர்' என்போம்.

2024 செப்டம்பரில் இன்னொன்று நடந்தது. வங்கிகள், பேமெண்ட் நிறுவனங்கள், தொலைபேசி நிறுவனங்கள், காவல்துறை ஆகியோரின் ஆட்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை செய்ய ஐ4சி ஒரு மையத்தைத் திறந்தது. மெயில் அனுப்பிக் காத்திருந்த எனக்கு, பக்கத்து மேஜையில் இருப்பவரிடம் "இந்தக் கணக்கைப் பாருங்க" என்று வாயால் கேட்க முடிகிற ஓர் இடம் வந்தது பெரிய விஷயமாகத்தான் தெரிந்தது.

அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்குப்படி, 2023-ல் மக்கள் இழந்த தொகை 7,465 கோடி ரூபாய். 2024-ல் அது 22,845 கோடி. 2021-லிருந்து 2025-ன் நடுப்பகுதி வரை இந்த ஏற்பாட்டின் மூலம் காப்பாற்றிய தொகை சுமார் 5,500 கோடி. ஒரே வருஷத்தில் போன தொகையில் கால்வாசியைக் காப்பாற்ற நாலு வருஷம் ஆகியிருக்கிறது. ஆனாலும் அந்த 5,500 கோடி யாரோ சிலரின் பென்ஷன், யாரோ சிலரின் கல்யாணச் செலவு. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். அவர் வாட்ஸ்அப்பில் 'ஆர்டிஓ சலான்' என்று ஒரு ஏபிகே ஃபைல், அதாவது அழுத்தினால் போனில் செயலியை நிறுவிவிடும் ஃபைல், வந்தது. சிக்னல் தாண்டியதற்கு அபராதம் என்று நினைத்து அழுத்திவிட்டார். அந்த ஃபைல் போனில் இறங்கி, வருகிற எஸ்எம்எஸ் எல்லாவற்றையும் வேறு எங்கோ அனுப்ப ஆரம்பித்தது. ஓடிபிகளும் அதில் அடக்கம். ராத்திரியில் கடைக் கணக்கிலிருந்து பல தடவையாகப் பணம் போயிற்று. அவர் மகள் கல்லூரியில் படிக்கிறாள். அப்பாவின் போனில் வரிசையாக டெபிட் மெசேஜ் விழுவதைப் பார்த்து, விடியும்வரை காத்திருக்காமல் அப்போதே 1930-க்கு அழைத்துவிட்டாள். காலையில் கிளை திறக்கும்போது அவர்கள் கையில் புகார் எண் இருந்தது.

பணத்தில் பாதிக்கு மேல் நின்றது. எந்தப் பகுதி நின்றது, எது போனது என்று பின்னால் பார்த்தபோது விஷயம் தெளிவாகத் தெரிந்தது. இரண்டாவது லேயரில் இருந்த கணக்குகள் மாட்டிக்கொண்டன. ஒரு தொகை மட்டும் முதலிலேயே மூன்றாவது லேயரைத் தாண்டி ஏடிஎம்முக்குப் போய்விட்டது. ரொக்கமாக வெளியே வந்த பணத்தை எந்தக் கணினியாலும் நிறுத்த முடியாது. போலீஸார் 'கோல்டன் ஹவர்' என்று சொல்வதன் அர்த்தம் இதுதான். முதல் மணி நேரத்தில் பணம் இன்னும் ஏதோ ஒரு வங்கியின் எல்லைக்குள் இருக்கிறது.

அந்தப் பெண் செய்ததில் நான் எல்லாரிடமும் சொல்வது சில விஷயங்கள். அவள் முதலில் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டாள், வைஃபையையும் அணைத்தாள். அதனால் அந்த ஃபைல் மேற்கொண்டு எதையும் அனுப்ப முடியவில்லை. தன் போனிலிருந்து 1930-ஐ அழைத்தாள். ஒவ்வொரு டெபிட் மெசேஜிலும் இருந்த தொகை, நேரம், யுடிஆர் எண் (ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உள்ள தனி அடையாள எண்) மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் பேசினாள். அந்த யுடிஆர் எண்தான் வங்கிகளுக்கு நடுவில் பணத்தின் தடத்தைப் பிடிக்கும் நூல். "நேத்து ராத்திரி ஒரு அம்பதாயிரம் போச்சு சார்" என்று மட்டும் சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் தேட வேண்டியிருக்கும், அந்தத் தேடலில் நிமிடங்கள் போகும். பயத்தில் வாட்ஸ்அப் சாட்டை அழித்துவிடுகிறவர்கள் பலர். இவள் அழிக்கவில்லை. அன்றைக்கே சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் புகாரை முழுதாகப் பதிந்தாள். அப்புறம் வங்கிக்கு வந்து எழுத்துப்பூர்வமாகவும் கொடுத்தாள். இந்தக் கடைசி விஷயத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நாம் அனுமதிக்காத பரிவர்த்தனைக்கு நம் பொறுப்பு எவ்வளவு என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட விதி, வங்கிக்கு எத்தனை நாளில் சொன்னோம் என்பதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. 3 வேலை நாளுக்குள் சொன்னவருக்கும் பத்து நாள் கழித்துச் சொன்னவருக்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

நாமே மனமுவந்து அனுப்பிய பணத்துக்கு அந்த விதி பெரிதாக உதவாது. போலீஸ் போல வீடியோவில் மிரட்டி, நம் கையாலேயே பணத்தை அனுப்பவைக்கும் 'டிஜிட்டல் அரெஸ்ட்' மோசடி இந்த இடத்தில்தான் ஆளைக் கொல்கிறது.

ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் எஃப்டியை உடைக்க வந்தார். எங்கள் ஊரில் பாதிப் பேருக்குப் பாடம் எடுத்தவர், எங்கள் காசாளர் உட்பட. முதிர்வுக்குக் கொஞ்ச காலம்தான் இருந்தது. இப்போது உடைத்தால் வட்டி குறையும் என்று சொன்னேன். பரவாயில்லை, பையன் வீடு வாங்குகிறான் என்றார். பெரிய தொகையை வேறு வங்கிக்கு அனுப்பும் ஆர்டிஜிஎஸ் படிவத்தைக் கையில் பூர்த்தி செய்தே கொண்டுவந்திருந்தார். பணம் பெறுபவர் பெயர் ஒரு டிரேடிங் கம்பெனி, கிளை வடமாநிலத்தில். வீட்டுக்கான பணம் டிரேடிங் கம்பெனிக்கு ஏன் போகிறது என்று கேட்டதும் அவர் என்னைப் பார்க்காமல் கைப்பையைப் பார்த்தார்.

காசாளர்தான் முதலில் கவனித்தார். எனக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்பினார்: "டீச்சர் பையில போன் ஆன்ல இருக்கு. யாரோ கேட்டுக்கிட்டே இருக்காங்க." டீச்சர் எப்போதும் ஐந்து நிமிஷம் நின்று விசாரித்துவிட்டுப் போகிறவர். அன்று ஒரு வார்த்தை பேசவில்லை என்பதுதான் காசாளரை உறுத்தியது.

அவரிடம் அங்கேயே "இது மோசடி" என்று சொல்லியிருந்தால் பையிலிருந்து உத்தரவு வந்திருக்கும், அவர் எழுந்து வேறு வங்கிக்குப் போயிருப்பார். "வங்கிக்காரர்களும் இந்தக் குற்றத்தில் கூட்டு, அவர்களிடம் எதுவும் சொல்லாதே" என்பது அந்தக் கும்பல் சொல்லிக்கொடுக்கும் பாடம். அதனால் எஃப்டி ரசீதில் ஒரு கையெழுத்து வேண்டும், லாக்கர் அறைக்கு வாருங்கள் என்று அழைத்துப் போனேன். எங்கள் லாக்கர் அறையில் சிக்னல் எடுக்காது. உள்ளே போனதும் அழைப்பு அறுந்தது. கதவைச் சாத்திவிட்டு, "டீச்சர், யாரு மிரட்டுறாங்க?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் அவரால் பேச முடியவில்லை.

உங்கள் பெயரில் வந்த கொரியர் பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, உங்கள் ஆதாரில் மும்பையில் கணக்கு திறந்திருக்கிறார்கள் என்று ஆரம்பித்து, வீடியோவில் சீருடை, போலி நீதிமன்ற உத்தரவு, ராத்திரியெல்லாம் கேமராவை அணைக்கக் கூடாது என்ற கட்டளை, கடைசியில் "சரிபார்ப்பதற்காக ரிசர்வ் வங்கிக் கணக்குக்குப் பணத்தை மாற்று, திருப்பித் தருவோம்" என்பது வரை எல்லாம் நடந்திருந்தது. தூக்கமில்லாத ஒருவரிடம் அறிவு வேலை செய்யாது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைப் பற்றிப் பேசினார், சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையாது என்று சொன்னார். டீச்சர் அதைக் கேட்டிருந்தார். ஆனால் தனக்கு வந்தபோது அது வேறு, இது வேறு என்று நம்பவைத்துவிட்டார்கள்.

நான் சொல்லி அவர் முழுதாக நம்பவில்லை. காவல் நிலையத்துக்குப் போன் செய்தேன், ஒரு பெண் தலைமைக் காவலர் சீருடையோடு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, நான்தான் நிஜ போலீஸ், என் கையைப் பிடிச்சுப் பாருங்க" என்றார். அப்போதுதான் டீச்சர் அழுதார். வங்கியால் மட்டும் அந்தக் காரியத்தை முடித்திருக்க முடியாது. அந்தப் பயத்தைப் போலீஸ் பெயரில் உண்டாக்கியிருந்தார்கள், அதைப் போலீஸ்தான் எடுக்க முடிந்தது.

பணம் போகவில்லை, அப்பாடா என்று நாங்கள் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் நிறுத்துகிறார்கள். ஆனால் அந்த ஆர்டிஜிஎஸ் படிவத்தில் ஒரு கணக்கு எண் இருக்கிறதே? அதே நேரத்தில் இன்னும் எத்தனை பேர் அந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார்களோ. சைபர் குற்றத் தளத்தில் சந்தேகக் கணக்கு எண்ணைப் பதியும் வசதி இருக்கிறது. அங்கே பதிந்தோம், எங்கள் தலைமையகத்தின் மோசடிப் பிரிவு வழியாக அந்த வங்கிக்கும் சொன்னோம். டீச்சருக்கு அழைப்பு வந்த எண்களைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள 'சக்ஷு' பகுதியில் அவர் மகன் பதிந்தார். ஏமாறாமல் தப்பித்தவர்கள் கையில்தான் சூடான தகவல் இருக்கிறது. தப்பித்த சந்தோஷத்தில் அதை வீணாக்காதீர்கள் என்பது என் முதல் வேண்டுகோள்.

இப்போது வாடகைக் கணக்குகள். டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: ஒரு மடையை அடைத்தால் தண்ணீர் அடுத்த மடையைத் தேடிப் போகும். ஒரு வங்கி கடுமையாக இருந்தால் கும்பல் அடுத்த வங்கிக்குப் போகும். கல்லூரி மாணவர்கள், வேலை தேடும் பையன்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள் பெயரில் கணக்கு திறக்கவைத்து, ஏடிஎம் கார்டு, சிம், பாஸ்புக் மூன்றையும் சில ஆயிரத்துக்கு வாங்கிக்கொள்கிறார்கள். "சும்மா கிடக்குற அக்கவுண்ட்தானே" என்று கொடுத்தவன், போலீஸ் வீட்டுக்கு வரும்போதுதான் விழிக்கிறான். தமிழ்நாடு சைபர் குற்றப் பிரிவு 2024 டிசம்பரில் 'ஆபரேஷன் திரைநீக்கு' என்று மாநிலம் முழுக்க இறங்கியபோது கைதானவர்களில் இப்படிக் கணக்குக் கொடுத்தவர்களும் இருந்தார்கள்.

கிளையில் நாங்கள் சில அறிகுறிகளைப் பார்க்கக் கற்றிருக்கிறோம். கணக்கு திறக்க வருபவருக்குத் தன் போன் எண் மனப்பாடமாகத் தெரியவில்லை. கூட வந்தவர்தான் எல்லாப் பதிலும் சொல்கிறார். திறந்து கொஞ்ச நாள் ஒன்றும் நடக்காமல், ஒரு நாள் திடீரென்று பணம் வந்து அதே மணியில் வெளியே போகிறது. இதைக் கணினியே கண்டுபிடிக்க ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் 'மியூல்ஹண்டர்' என்ற மென்பொருளை உருவாக்கியிருக்கிறது. நல்லதுதான். ஆனாலும் போன் எண் தெரியாமல் விழிக்கிற முகத்தைக் கவுண்டரில் இருப்பவர்தான் பார்க்க முடியும். கணக்கு திறக்கும் இலக்கை நெருக்குகிற மேலதிகாரிகள் இதையும் நினைத்துப்பார்க்க வேண்டும்.

தொலைபேசித் துறையும் வங்கித் துறையும் பேசிக்கொள்ள ஆரம்பித்தது சமீபத்தில்தான் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். 2025 மே மாதம் தொலைத்தொடர்புத் துறை ஒரு குறியீட்டைக் கொண்டுவந்தது. மோசடியில் அடிபட்ட எண், போலி ஆவணத்தில் எடுத்த எண் ஆகியவற்றை நடுத்தர அபாயம், அதிக அபாயம், மிக அதிக அபாயம் என்று பிரித்து வங்கிகளுக்கும் யுபிஐ நிறுவனங்களுக்கும் கொடுக்கிறது. அதை உங்கள் கணினியோடு இணையுங்கள் என்று ஜூன் கடைசியில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொன்னது. அப்படி இணைத்த இடத்தில், நீங்கள் பணம் அனுப்பும் எண் மோசமான எண்ணாக இருந்தால் செயலி எச்சரிக்கும், தாமதப்படுத்தும், சில சமயம் மறுக்கும். "என் பணத்தை நான் அனுப்ப இவன் யார் தடுக்க?" என்று கவுண்டரில் சண்டைக்கு வருபவர்கள் உண்டு. அந்த எச்சரிக்கை வந்தால் தயவுசெய்து அரை மணி நேரம் பொறுங்கள்.

வங்கிகள் சேவைக்காக அழைக்கும்போது 1600-ல் தொடங்கும் எண்ணும், விளம்பரத்துக்கு 140-ல் தொடங்கும் எண்ணும்தான் பயன்படுத்த வேண்டும். சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து "பேங்க் மேனேஜர் பேசுறேன்" என்று வந்தால் வைத்துவிடுங்கள். வங்கிகளின் இணைய முகவரிகள் இப்போது 'பேங்க் டாட் இன்' என்று முடிகின்றன, அந்த முடிவு ரிசர்வ் வங்கியின் அனுமதியுள்ள வங்கிகளுக்கு மட்டும்தான் கிடைக்கும். எஸ்எம்எஸ் அனுப்புபவர் பெயருக்குப் பின்னால் ஒரு கோடு போட்டு ஓர் ஆங்கில எழுத்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். 'பி' என்றால் விளம்பரம், 'எஸ்' சேவை, 'டி' பரிவர்த்தனை, 'ஜி' அரசு. வெறும் பத்து இலக்க எண்ணிலிருந்து "உங்கள் கேஒய்சி காலாவதியாகிவிட்டது" என்று வரும் எஸ்எம்எஸ்ஸில் இது எதுவும் இருக்காது. இவையெல்லாம் தொலைபேசி ஒழுங்குமுறை ஆணையமும் ரிசர்வ் வங்கியும் வேறு வேறு நேரத்தில் கொண்டுவந்தவை. மக்களுக்கு ஒரே இடத்தில் யாரும் சேர்த்துச் சொல்லவில்லை என்பதால் இங்கே சொல்கிறேன்.

இந்தக் கூட்டுறவு சிலருக்கு அநியாயமாகவும் முடிகிறது. அதையும் சொல்லியாக வேண்டும்.

பெரிய தெருவில் பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரின் கணக்கு ஒரு நாள் முடங்கிவிட்டது. அவரிடம் யாரோ குத்துவிளக்கு வாங்கிவிட்டு யுபிஐயில் பணம் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்த ஆளின் கணக்கில் மோசடிப் பணம் கலந்திருந்தது. பல லேயர் தள்ளி இவர் கடைக் கணக்கும் சங்கிலியில் வந்துவிட்டது. விளக்கின் விலைக்கு மட்டும் ஹோல்டு போட்டிருந்தால் அவர் பிழைப்பு நடந்திருக்கும். முழுக் கணக்கையும் முடக்கச் சொல்லி வேறு மாநிலத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. பண்டிகை நேரம், பட்டறைக்குக் கூலி கொடுக்கப் பணமில்லை. "நான் என்னம்மா தப்பு பண்ணேன், வெளக்குதானே வித்தேன்?" என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் இல்லை. புகார் எண், விசாரிக்கும் காவல் நிலையம் எது, எவ்வளவு தொகைக்குச் சந்தேகம் என்ற விவரங்களை எடுத்துக் கொடுத்தேன். அவர் பில், ஜிஎஸ்டி கணக்கு எல்லாவற்றையும் சேர்த்து அந்த ஸ்டேஷனுக்கு அனுப்பி, பல தடவை பேசித்தான் கணக்கு திறந்தது.

கடைக்காரர்களுக்கு அதிலிருந்து நான் சொல்வது: பெரிய தொகைக்கு பில் போடாமல் யுபிஐ வாங்காதீர்கள். வியாபாரத்துக்குத் தனிக் கணக்கு, வீட்டுக்குத் தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு முடங்கினால் வங்கியில் கத்துவதற்கு முன் புகார் எண்ணையும் ஸ்டேஷன் பெயரையும் கேட்டு வாங்குங்கள், அவற்றைத் தருவது எங்கள் கடமை. வங்கிகளும் காவல்துறையும் சேர்ந்து முடக்குகிற வேகத்தில் பாதி வேகமாவது விடுவிப்பதிலும் வர வேண்டும். அது வராவிட்டால் நேர்மையான வியாபாரிகள் யுபிஐயைப் பார்த்தே பயப்பட ஆரம்பிப்பார்கள்.

ஏமாந்தவருக்குப் பணம் திரும்புவதும் அதே ஆமை வேகம்தான். எங்கோ ஒரு வங்கியில் உங்கள் பணம் நிறுத்திவைக்கப்பட்டிருப்பது தெரியும். ஆனால் பெரிய தொகை என்றால் அதை எடுக்க நீதிமன்ற உத்தரவு கேட்பார்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 503-வது பிரிவில் மனுப் போட வேண்டும். எலக்ட்ரிக்கல் கடைக்காரர் அப்படித்தான் போட்டார். புகார் நகல், வங்கி ஸ்டேட்மெண்ட், பணம் எந்தக் கணக்கில் நிற்கிறது என்ற விவரம் ஆகியவை இருந்தால் வேலை எளிது. பணம் நின்றுவிட்டது என்று தெரிந்ததும் நிம்மதியாகிச் சும்மா இருந்துவிடாதீர்கள். கேட்காத பணம் தானாகத் திரும்பி வராது.

எனக்கு இதில் ஒரு உறுதியான கருத்து உண்டு. வங்கி ஊழியராக இருந்துகொண்டு சொல்வது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். இப்போது மோசடி நடந்தால் அநேகமாக முழு நஷ்டமும் ஏமாந்தவருடையது. சிம் விற்ற நிறுவனத்துக்கு நஷ்டமில்லை, விளம்பரம் போட்ட தளத்துக்கு லாபம், வாடகைக் கணக்கைத் திறந்த வங்கிக்கும் பெரிதாக ஒன்றுமில்லை. அவரவர் பையில் கை வைக்காதவரை ஒத்துழைப்பு என்பது நல்லவர்கள் செய்யும் உதவியாகத்தான் இருக்கும். பிரிட்டனில் 2024 அக்டோபரிலிருந்து, ஏமாற்றி அனுப்பவைத்த பணத்தை 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும். அனுப்பிய வங்கியும் வாங்கிய வங்கியும் ஆளுக்குப் பாதி. சிங்கப்பூரில் அதே ஆண்டு டிசம்பரில் வந்த ஏற்பாட்டில், போலி இணைப்பை அனுப்பி விவரங்களைத் திருடும் ஃபிஷிங் மோசடியில் வங்கி தன் கடமையில் தவறியிருந்தால் வங்கி தர வேண்டும், வங்கி சரியாக இருந்து தொலைபேசி நிறுவனம் தவறியிருந்தால் அது தர வேண்டும். ஆஸ்திரேலியா 2025-ல் இயற்றிய சட்டத்தின் பிடியில் சமூக வலைதளங்களும் வருகின்றன. வாங்கிய வங்கிக்கும் பாதிப் பொறுப்பு என்று ஒரே ஒரு விதி இங்கே வந்தால் போதும், வாடகைக் கணக்கு திறப்பது எவ்வளவு குறையும் என்று கவுண்டரில் இருப்பவர்களுக்குத் தெரியும். உச்ச நீதிமன்றம் 2025-ல் டிஜிட்டல் அரெஸ்ட் வழக்கைத் தானாகக் கையில் எடுத்து, விசாரணையை சிபிஐயிடம் ஒப்படைத்து, வங்கிகளையும் தொலைபேசி நிறுவனங்களையும் சேர்த்தே கேள்வி கேட்டது. அதிலிருந்து நல்லது வரும் என்று நம்புகிறேன்.

டெல்லியில் நடப்பது நடக்கட்டும். ஊர் அளவில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அதை எனக்குக் காட்டியவர் ஒரு நகைக்கடன் நிறுவனத்தின் மேலாளர். எங்களுக்கும் அவர்களுக்கும் வாடிக்கையாளர் போட்டி உண்டு, அதனால் அதிகம் பேசிக்கொண்டதில்லை. ஒரு நாள் அவரே போன் செய்தார். "மேடம், உங்க கஸ்டமர் ஒருத்தங்க தாலிச் செயினையும் சேர்த்து அடமானம் வைக்க வந்திருக்காங்க. பணத்தை உங்க பேங்க் அக்கவுண்டுக்குப் போடச் சொல்றாங்க. கை நடுங்குது. எனக்குச் சரியாப் படல." வீட்டிலிருந்தே வேலை, வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்று ஆரம்பித்த மோசடி அது. ஏற்கெனவே கட்டிய பணத்தை மீட்க இன்னும் கட்டு என்று கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தார் அந்தப் பெண். நான் போய்ப் பேசும்வரை மேலாளர் அவரை காபி கொடுத்து உட்கார வைத்திருந்தார். கணவருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதுதான் அவருடைய பெரிய பயம். திட்டாமல் கேட்க ஓர் ஆள் கிடைத்ததும் எல்லாவற்றையும் சொன்னார். அங்கிருந்தே 1930-க்கு அழைத்தோம்.

நம் ஊரில் பெரிய மோசடியில் மாட்டியவர்கள் பணம் புரட்டும் வழியை யோசித்துப் பாருங்கள். சேமிப்பு காலியானதும் எஃப்டி, அடுத்து நகை, அடுத்து எல்ஐசி பாலிசியில் கடன், அப்புறம் அக்கம்பக்கத்துக் கைமாற்று. ஒவ்வொரு இடத்திலும் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். "எதுக்குங்க இவ்வளவு அவசரம்?" என்று அவர் ஒரு தடவை கேட்டால் சங்கிலி அறுந்துபோக வாய்ப்பிருக்கிறது. கேட்பதற்குச் சட்டம் வேண்டாம், மென்பொருளும் வேண்டாம்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் வட்டாரத்தில் உள்ள வங்கிக் கிளைகள், கூட்டுறவு வங்கி, நகைக்கடன் நிறுவனங்கள், பெரிய மொபைல் கடைகள், காவல் நிலையம் எல்லாரும் ஒருவர் எண்ணை ஒருவர் வாங்கி வைத்திருக்கிறோம். வாடிக்கையாளரின் கணக்கு விவரம் எதையும் பகிர்வதில்லை, அதில் கறாராக இருக்கிறோம். புதிதாக என்ன மாதிரி ஏமாற்றுகிறார்கள், எந்த மாதிரி மெசேஜ் சுற்றுகிறது, இப்படி ஒருவர் வந்தால் எப்படிப் பேசுவது என்பதை மட்டும் பேசிக்கொள்கிறோம். யாராவது மிரட்டலில் சிக்கியிருப்பது போலத் தெரிந்தால் காவல் நிலையத்தில் யாரைக் கூப்பிட வேண்டும் என்பது இப்போது எல்லா கவுண்டரிலும் தெரியும். மொபைல் கடைக்காரர்கள், ஒரே ஆள் பல பையன்களைக் கூட்டிவந்து சிம் வாங்கவைத்தால் ஸ்டேஷனுக்குச் சொல்கிறார்கள்.

அடுத்த சந்திப்புக்குத் தபால் நிலையத்தையும் அழைத்திருக்கிறோம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்திலும் மாத வருமானத் திட்டத்திலும் போட்ட பணம் நிறையப் பேருக்கு அங்கேதான் இருக்கிறது. அந்தக் கவுண்டரில் இருப்பவருக்கும் பையில் ஓடிக்கொண்டிருக்கும் போனைக் கவனிக்கச் சொல்லித்தர வேண்டும்.